பனியன் கம்பெனியிலும் தெருவிலும் வகுப்பறையிலும் இனவசையை நிறுத்தும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஆள் கணக்குப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தில் ‘ஹிந்தி 1’, ‘ஹிந்தி 2’, ‘ஹிந்தி 3’ என்று தொடங்கி ‘ஹிந்தி 11’ வரை எழுதியிருந்ததைப் பார்த்தேன். அதே பக்கத்தின் மேற்பாதியில் உள்ளூர் டைலர்களும் அவர்களுக்கு உதவும் கைமடிகளும் செக்கிங் பெண்களும் தத்தம் பெயரோடும் இனிஷியலோடும் இருந்தார்கள். எழுதிய பெரியவர் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர்; சனிக்கிழமை மாலை சம்பளக் கவர் போடும் அவசரத்தில், வாயில் நுழையாத பெயர்களுக்கு எண் கொடுத்து வேலையை முடித்திருந்தார். அந்தப் பதினோரு பேரையும் உட்காரவைத்துப் பெயர் கேட்டு எழுதியபோது, அவர்களில் நான்கு பேருக்குத்தான் இந்தி வீட்டு மொழி என்று தெரியவந்தது. மற்றவர்கள் வீட்டில் ஒடியாவும் வங்காளமும் சந்தாலியும் பேசுகிறவர்கள்.

இனவசை என்றால் வாய்விட்டுத் திட்டுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். திட்டாமலே ஒருவரை ஆள்கணக்கிலிருந்து தலைக்கணக்குக்கு இறக்கிவிட முடியும் என்பதை அந்தப் பக்கம் காட்டியது. அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் சூப்பர்வைசர்களுக்கும், லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்களுக்கும், பள்ளி ஆசிரியர்களாக இருக்கும் என் உறவினர்களுக்கும் பலமுறை சொல்லி, சொல்லும்போதே திருத்திக்கொண்ட வழிமுறைகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், நம்மைச் சுட்டிய சொற்களை நினைத்தல்

ஒரு சொல் வசையா இல்லையா என்ற பேச்சு எழுந்தால், எதிரில் இருப்பவர் பெரும்பாலும் சொல்லும் பதில் இதுதான்: “வடக்கிருந்து வந்தவனை வடக்கன்னு சொல்றதுல என்னங்க தப்பு?” இதற்கு அகராதியைப் புரட்டிப் பதில் தேடுவது வீண்வேலை; அகராதிப்படி அவர் சொல்வது சரிதான். அவருடைய மனத்தைப் பெங்களூருக்கு அழைத்துச் செல்லுங்கள். கன்னடம் பேசும் ஊர்களில் தமிழரை இழித்துச் சொல்ல வழங்கும் சொல் ‘கொங்க’ என்பது. கொங்கு நாட்டான் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் கிடையாது. காங்கேயத்திலும் கோபியிலும் நாம் கல்யாணப் பத்திரிகையில் பெருமையோடு அச்சிட்டுக்கொள்ளும் அதே நாட்டுப்பெயர், மலையேறிச் சாம்ராஜ்நகர் தாண்டியதும் ஏச்சாக மாறிவிடுகிறது. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் தாக்கப்பட்டபோது, சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிச் சென்று அங்கே மாட்டிக்கொண்ட எங்கள் அண்ணன் முறையுள்ள ஒருவர், நம்பர் பலகையைச் சாக்குப்பையால் மூடிக்கட்டிவிட்டு வண்டிக்கடியில் இரவைக் கழித்தவர். சாலையில் போகிற கூட்டத்தின் வாயில் அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டதாகச் சொல்வார். அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் என்ன என்று அவரிடம் கேட்டால் என்ன பதில் வரும் என்பதை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் அருகில் வேண்டுமானால் வாளையாறு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் போதும். அங்கே நாம் ‘பாண்டி’. பாண்டிய நாட்டோடு நமக்கு எந்த ஒட்டும் இல்லை என்று விளக்கம் சொல்ல யாரும் இடம் தருவதில்லை.

‘கூலி’ என்ற சொல் இதற்கு இன்னும் நல்ல சான்று. சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தும்போது, அந்தச் சொல்லில் இழிவு ஒரு துளியும் கிடையாது. அது உழைப்பின் விலை, மீட்டருக்கு இத்தனை என்று பேரம் பேசும் கணக்கு. அதே சொல், 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ‘ட்ரூரோ’ கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை டர்பன் துறையில் இறக்கிய பிறகு, தென்னாப்பிரிக்காவில் இந்தியர் எவரையும் இழிக்கும் சொல்லாகிவிட்டது. வழக்கறிஞராகப் போன காந்தியையும் அங்கே ‘கூலி பாரிஸ்டர்’ என்றுதான் அழைத்தார்கள். மலேசியாவில் தமிழரைக் குத்தும் ‘கெலிங்’ என்ற சொல்லும் கலிங்கம் என்ற நாட்டுப்பெயரிலிருந்து வந்தது என்பார்கள். மலாக்காவில் 1748இல் கட்டிய பள்ளிவாசலின் பெயரில் அது இன்றும் மரியாதையோடு நிற்கிறது, தெருச்சண்டையிலோ கத்தியாகிறது. இலங்கைத் தோட்டத் தமிழர்களை அங்கே ‘கள்ளத்தோணி’ என்றார்கள். 1964 ஒப்பந்தத்தில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டதும், அவர்களில் பலர் நீலகிரிக்கும் கோவைப் பக்கத்து மில்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். வந்த இடத்தில் நாம் அவர்களைச் ‘சிலோன்காரன்’ ஆக்கினோம். தமிழனைத் தமிழனே அயலானாக்கிய அந்தக் கதை நம் ஊர்களில் இன்னும் சரியாகப் பேசப்படவில்லை என்பது என் வருத்தம்.

இவற்றையெல்லாம் அடுக்கியபின் நான் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே: அந்தச் சொல்லுக்கு அடுத்தபடியாக வழக்கமாக என்ன வருகிறது? ‘ஈரோட்டுக்காரர்’ என்ற சொல்லை அடுத்து மஞ்சள் விலையோ சொந்தக்காரர் பெயரோ வரும். ‘வடக்கன்’ என்ற சொல்லை அடுத்து வருவது “வீடு தர்றதில்லை”, “அவனுங்களுக்கு இது போதும்”, “கூட்டங்கூட்டமா எறங்கிட்டானுங்க” என்பவையே. ஒரு பெயர் தனக்குப் பின்னால் எதை இழுத்துக்கொண்டு வருகிறதோ அதை வைத்துத்தான் அது வசையா என்று முடிவு செய்ய வேண்டும். சொல்பவரின் மனத்தில் கெட்ட எண்ணம் இல்லை என்பது அவருடைய குற்றத்தைக் குறைக்கலாம்; கேட்டவருக்கு விழுந்த அடியை அது குறைப்பதில்லை.

நம் வாயில் புழங்கும் சொற்கள்

தமிழில் இழிவு பெரும்பாலும் வேர்ச்சொல்லில் இருப்பதில்லை, விகுதியில் இருக்கிறது. வடநாட்டவர், வடமாநிலத் தொழிலாளர், பீகார்க்காரர் என்று ‘அர்’ போட்டுச் சொல்லும்போது எழாத கசப்பு, ‘அன்’ போட்டதும் எழுகிறது. இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்பு மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தவர்களை நாம் ‘தெக்கத்தியான்’ என்றோம்; அவர்களுடைய பிள்ளைகள் இன்று சூப்பர்வைசர்களாகி, பாட்னாவிலிருந்தும் ராஞ்சியிலிருந்தும் வந்தவர்களை ‘வடக்கன்’ என்கிறார்கள். எனவே மாற்றுவதற்கு முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த விகுதியைத்தான், ஏனென்றால் அது எளிது, செலவில்லாதது, நம் நாக்குக்கு ஏற்கெனவே பழகியது. ‘ங்க’ போட்டுப் பேசுகிறவர்கள் என்று ஊரெல்லாம் நம்மைச் சொல்கிறார்கள். நாய்க்குட்டியைக்கூட “வாங்க” என்போம் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். அந்த ‘ங்க’ யாருக்குப் போகிறது, யாருக்குப் போகவில்லை என்பதை ஒரு நாள் முழுவதும் உங்கள் லைனில் நின்று எண்ணிப் பாருங்கள். நான் எண்ணியிருக்கிறேன். உள்ளூர்க் கட்டிங் மாஸ்டருக்கு “சொல்லுங்க மாஸ்டர்”. அவரைவிடப் பத்து வயது மூத்த ஒடிசா மாஸ்டருக்கு “டேய், இங்க வா”.

‘பையா’ என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியில் அது அண்ணன் என்ற உறவுமுறைச் சொல், மரியாதையானதுதான். ஆனால் மும்பையில் அதையே உத்தரப்பிரதேசம், பீகார் பக்கத்து ஆட்களை இளக்காரமாகக் குறிக்கும் சொல்லாக்கிவிட்டார்கள். நம் காதிலோ அது ‘பையன்’ என்று விழுகிறது. நாற்பத்தைந்து வயது மனிதரை, நரைத்த மீசையோடு நிற்பவரை, இருபது வயதுக்காரர் “ஏ பையா” என்னும்போது அதில் அண்ணன் எங்கும் இல்லை. பெயர் தெரியாவிட்டால் “அண்ணா” என்றே அழையுங்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல் வந்த முதல் மாதமே விளங்கிவிடுகிறது.

வடகிழக்கு மாநிலத்தவரை முகத்தை வைத்து ‘சிங்கி’ என்பதும், ‘சீனாக்காரன்’, ‘நேபாளி’, ‘மோமோ’ என்பதும் ஐயத்துக்கே இடமில்லாத இனவசை. இவற்றுக்கு எந்த விளக்கமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் டெல்லி லாஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிடோ தானியா, தன் தோற்றத்தைக் கிண்டல் செய்தவர்களை எதிர்த்துக் கேட்டதற்காக அடிக்கப்பட்டு மறுநாள் இறந்துபோனார். கிண்டலுக்கும் அடிக்கும் இடையே எத்தனை குறுகிய தூரம் இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

ஆப்பிரிக்கர்களைப் பொறுத்தவரை, திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் துணி (சிறு குறையால் கழித்த துணி) எடுக்க வரும் வியாபாரிகளும், கோவைக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களும் கடைவீதியில் ‘காப்பிலி’ என்றும் ‘நீக்ரோ’ என்றும் காதில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். முன்னது, நம்பிக்கையற்றவர் என்னும் பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து கிளைத்து, கடலோடிகளின் வாய்வழியாக வந்தது. அதன் உடன்பிறப்பான சொல்லைப் பொது இடத்தில் காவலர்களை நோக்கித் திரும்பத் திரும்பச் சொன்ன ஒருவருக்குத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் 2018இல் சிறைத்தண்டனையே விதித்தது. பின்னது நம் பழைய பாடநூல்களிலும் செய்தித்தாள்களிலும் சாதாரணமாக இருந்த சொல். 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் மக்களை அந்தச் சொல்லாலேயே குறித்தார் என்பதும் உண்மை. 2013இல் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை அதைத் தன் படிவங்களிலிருந்து கைவிட்டதும், 2016இல் கூட்டாட்சிச் சட்டங்களிலிருந்தே அது நீக்கப்பட்டதும் உண்மை. ஒரு மக்கள் தம்மை எப்படி அழைக்க வேண்டும் என்று மாற்றிச் சொன்னால், நாமும் மாற்றிக்கொள்வதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. ‘கறுப்பினத்தவர்’ என்றோ, இன்னும் நல்லதாக, ‘நைஜீரியாக்காரர்’, ‘உகாண்டாக்காரர்’ என்று நாட்டைச் சேர்த்தோ சொல்லலாம்.

வடமாநிலத் தொழிலாளரை அரசு வட்டாரங்களில் இப்போது ‘விருந்தினர் தொழிலாளர்’ என்கிறார்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த சொல்தான். ஆனால் விருந்தினர் என்றால் என்றைக்காவது கிளம்பிப் போக வேண்டும். அவிநாசி ரோட்டுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் தகப்பனாரை எத்தனை காலத்துக்கு விருந்தினர் என்று சொல்வது? ‘தொழிலாளர்’ என்பதோடு நிறுத்திக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

வெளியூர்க்காரரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இந்தப் பகுதியை முடித்தால் அது நேர்மையாகாது. இதே கொங்கு நாட்டில், எழுபது வயது அருந்ததியர் பெரியவரை ஏழு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி ஒருமையில் அழைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சில ஊர்களில் அது இன்னும் ஓயவில்லை. சாதியும் இனமும் ஒன்றல்ல என்று 2001இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் இந்திய அரசு வாதிட்டது. வம்சாவளியால் வரும் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று மறு ஆண்டே ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு எழுதியது. அறிஞர்கள் அதைப் பேசட்டும். ஆங்கிலத்தில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கும் ‘பரையா’ என்ற சொல் தமிழ்ச் சாதிப்பெயர் ஒன்றிலிருந்து போனது என்பதை மட்டும் நாம் மறக்கக் கூடாது. ஒருமையில் விளிக்கும் பழக்கம் வீட்டுக் களத்திலிருந்துதான் கம்பெனி லைனுக்கு வந்தது. அங்கே நிறுத்தாமல் இங்கே நிறுத்த முடியாது.

அரசியலை ஆள்மேல் ஏற்றாதிருத்தல்

இந்தத் திருத்தத்தைச் சொல்லும்போது எழும் உண்மையான எதிர்ப்பு ஒன்று உண்டு. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும். “இந்தித் திணிப்பை எதிர்க்கிறதும் தப்புங்களா? உள்ளூர் ஆளுக்குக் கூலி கொறையுதுன்னு சொல்றதும் தப்புங்களா?” என்று கேட்பார்கள். இரண்டும் தப்பில்லை. 1965 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச்சூட்டுக்கு மக்களைப் பலிகொடுத்த மண் இது. அந்தப் போராட்டம் டெல்லியின் ஆட்சிமொழிக் கொள்கையை எதிர்த்ததே தவிர, ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கும் ஒருவரை எதிர்த்ததன்று. குறைந்த கூலிக்கு ஆள் பிடிப்பவர் ஏஜென்ட், அந்தக் கூலியை நிர்ணயிப்பவர் முதலாளி. கோபத்தை அங்கே காட்டுங்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு செய்தியையும் சொல்லுங்கள், கேட்பவர் பலமுறை திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஜார்க்கண்டிலிருந்து வரும் ஒராவோன் பழங்குடியினரின் குருக் மொழி, ஒடிசாவின் கந்தமால் பக்கத்துக் குயி மொழி, இரண்டும் திராவிட மொழிகள். கண்ணும் வாயும் குருக் மொழியில் ஏறத்தாழ நம்முடைய கண்ணாகவும் வாயாகவுமே ஒலிக்கின்றன. தமிழின் தங்கை மொழியைப் பேசுகிறவரைத்தான் ‘இந்திக்காரன்’ என்று சொல்லி, தமிழின் பெயரால் விரட்டுகிறோம்.

சொல் விழுந்த நேரத்தில்

லைனில் ஒருவர் மற்றொருவரை அப்படி அழைத்துவிட்டார், பக்கத்தில் நீங்கள் சூப்பர்வைசராக நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலோர் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒன்று, காதில் விழாதது போலப் போய்விடுவது. அவமானப்பட்டவர் உங்கள் முகத்தைத்தான் அந்த நொடியில் பார்க்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். மற்றொன்று, அத்தனை பேர் நடுவில் சொன்னவரைக் கத்தித் தீர்ப்பது; சொன்னவர் அந்த அவமானத்தை மாலையில் ஹாஸ்டல் வாசலில் வட்டியோடு திருப்பித் தருகிறார்.

மூன்று கட்டமாகச் செய்வதே பலன் தருகிறது. உடனே, எல்லோர் காதிலும் விழும்படி, குரலை உயர்த்தாமல், “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். அவமானப்பட்டவரின் பெயரை நீங்களே ஒருமுறை சொல்லி அழையுங்கள். அதோடு வேலை நடக்கட்டும். டீ இடைவேளையில் சொன்னவரைத் தனியே அழைத்து, அவரை எவராவது பெங்களூரில் அப்படி அழைத்தால் எப்படியிருக்கும் என்ற பேச்சை அப்போது எடுங்கள். அதே நாளில் அவமானப்பட்டவரிடமும் போய், நீங்கள் கேட்டதையும் கண்டித்ததையும் சொல்லுங்கள். இந்த மூன்றாவது கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

அப்போது மொழிபெயர்க்க ஏஜென்டை அழைக்கவே கூடாது. அவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜென்ட் அவர்கள் மொழியே பேசுகிறவராக இருக்கலாம். ஆனால் முதல் ஏச்சு பல நேரங்களில் அவர் வாயிலிருந்தே வருகிறது, முன்பணக் கணக்கும் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் முன்னிலையில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே ஊர்க்காரப் பெண் ஒருவரோ, நன்றாகத் தமிழ் பழகிய மூத்த டைலர் ஒருவரோ போதும்.

ஒரு கம்பெனியின் செக்கிங் டேபிளில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, டி-சர்ட்டின் கழுத்துப் பட்டியில் எண்ணெய்க் கறை இருந்ததைக் கவனிக்காமல் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டாள். பேக்கிங்கிலிருந்து ஒருவர் அந்தப் பீஸைக் கொண்டுவந்து அவள் முன்னால் வீசி, அவள் ஊரையும் பிறப்பையும் சேர்த்து ஒரு சொல் சொன்னார். எதிரில் நின்று வேலை செய்த, ஊத்துக்குளிப் பக்கத்து அறுபது வயது அம்மா, கையிலிருந்த நூல் கத்திரியைக் கீழே வைத்தார். அந்தப் பீஸை எடுத்து டேபிளில் விரித்து, கறையை ஒரு துணியால் ஒற்றிக்கொண்டே, “அம்மிணி, இதை இப்படி வெளிச்சத்துல சாச்சுப் பாக்கோணும் கண்ணு” என்று அவளிடம் சொன்னார்; பிறகு தலையை நிமிர்த்தி வந்தவரைப் பார்த்து, “கறையைக் காட்டோணும்னா கறையைக் காட்டுங்க. அவ பொறப்பு இந்தத் துணியில ஒட்டியிருக்கா?” என்றார். அந்த ஆள் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். வேலைத் தவற்றை வேலைத் தவறாக மட்டும் சொல்வது எப்படி என்று நான் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் விளக்கியிருக்கிறேன். அவரைவிடத் தெளிவாக ஒருபோதும் விளக்கியதில்லை.

சொன்னவர் நாமே என்றால்

2020 மார்ச்சில், காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டு வந்த ஒரு மணிப்பூர்ப் பெண்ணிடம், “உங்க ஊர் நோயை இங்க கொண்டாந்துட்டீங்க” என்று நான் சொல்லிவிட்டேன். அவர் தமிழிலேயே, “சார், எங்க ஊர் இம்பால்” என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வடகிழக்கு மாநிலத்தவரை கொரோனாவோடு சேர்த்து இழிக்கக் கூடாது என்று மத்திய உள்துறை அதே மாதம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுத வேண்டிய நிலை வந்தது. அந்த நிலையை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன்.

மன்னிப்புக் கேட்கும்போது “விளையாட்டுக்குச் சொன்னேன்”, “மனசுல ஒண்ணுமில்லைங்க” என்ற இரண்டையும் சொல்லாதீர்கள். இரண்டும் கேட்டவர்மேல் பாரத்தை ஏற்றுகின்றன. சொன்ன சொல்லை அப்படியே திரும்பச் சொல்லிக் காட்டவும் வேண்டாம். “நேற்று நான் சொன்னது தவறு, உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்பது போதும். எத்தனை பேர் முன்னால் சொன்னோமோ அத்தனை பேர் முன்னால் கேட்பதே முறை. பதிலுக்கு அவர் சிரிக்க வேண்டும், கைகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்காதீர்கள். நான் கேட்டபோது அந்தப் பெண் தலையை மட்டும் அசைத்துவிட்டு மிஷினுக்குப் போனார். அது அவருடைய உரிமை.

மேற்கோளிலும் பாட்டிலும் பாடத்திலும்

கோவையில் கல்லூரி விடுதிகளில் அமெரிக்க ராப் பாட்டைச் சத்தமாக வைத்து, கூடவே பாடும் பிள்ளைகள், கறுப்பினத்தவரைக் குறிக்கும் மிக மோசமான ஆங்கிலச் சொல்லையும் சேர்த்துப் பாடுகிறார்கள். சிலர் ‘மச்சான்’ என்பதற்குப் பதிலாக ஒருவரையொருவர் அப்படியே அழைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் அந்தச் சொல்லை முழுதாக உச்சரிக்காமல் ‘என்-வேர்ட்’ என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். அதை என்ன செய்வது என்பதில் கறுப்பினத்தவரிடையே ஒருமித்த கருத்து இல்லை. அவர்களுடைய மூத்த உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., 2007 ஜூலையில் டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லுக்குச் சவப்பெட்டி வைத்து அடக்கச் சடங்கே நடத்தியது. இளையவர்கள் பலரோ, எங்களை அடித்த கம்பை நாங்களே பிடுங்கி எங்கள் கைத்தடியாக்கிக்கொண்டோம் என்கிறார்கள். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நமக்கு இடமில்லை. இரண்டு தரப்பாரும் பெரும்பாலும் ஒத்துப்போவது, வெளியாள் அதை எடுத்தாளக் கூடாது என்பதில்தான். பாடும்போது அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு தாளத்தைத் தொடருங்கள். பாட்டு ஒன்றும் கெட்டுவிடாது. இது பிள்ளைகளுக்கு விளங்காவிட்டால், அருந்ததியர் நண்பர்கள் தங்களுக்குள் சாதிப்பெயரைச் சொல்லிக் கேலி செய்துகொள்வதைக் கேட்டு நாமும் போய் அப்படி அழைப்போமா என்று கேளுங்கள். சட்டென்று விளங்கிவிடும்.

ஆசிரியரின் நிலை வேறு. அடிமை வணிகத்தையோ தோட்டத் தொழிலாளர் வரலாற்றையோ நடத்தும்போது, வசைச்சொல்லைக் குறிப்பிடாமலே ஒதுக்கினால் வரலாறே மழுங்கிப்போகும். வசையைப் பற்றிப் பேசுவதும் வசைபாடுவதும் ஒன்றல்ல. இந்தக் கட்டுரையிலும் பல சொற்களை எழுதியிருக்கிறேன். ஆனால் தேவைக்கு ஒருமுறை, காரணத்தைச் சொல்லிவிட்டு, எழுதிக் காட்டுவதோடு நிறுத்துங்கள். வகுப்பில் அந்தச் சொல்லால் சுட்டப்படும் பிள்ளை இருந்தால், அவனை எழுப்பி வாசிக்கச் சொல்லாதீர்கள், எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்க்கும்படியும் விடாதீர்கள். முடிந்தால் முந்தின நாளே அவனிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாக: 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாக, வேறெங்கோ நடந்த சண்டைகளின் காணொளிகளைத் தமிழ்நாடு என்று சொல்லிப் பரப்பினார்கள். பொய்யென்று காவல்துறை அறிவித்தும், பீகார் அரசின் குழுவே நேரில் வந்து விசாரித்தும், அச்சம் அடங்க நாளாயிற்று. ‘வடக்கன்’ என்று தலைப்பிட்டு வரும் எந்தக் காணொளியையும், நடந்த இடமும் நாளும் தெரியாமல் அடுத்த குழுவுக்குத் தள்ளாதீர்கள்.

சட்டத்தின் வழி

பேசித் தீராத இடத்தில் சட்டம் ஓரளவு உதவும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் சாதிப்பெயர் சொல்லி ஏசினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. வேறு மாநிலத்தில் சான்றிதழ் பெற்ற பழங்குடியினர் என்றால், புகாருக்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, இனம், பிறப்பிடம், மொழி ஆகியவற்றின் பெயரால் பகைமை மூட்டுவதைக் குற்றமாக்குகிறது. அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதிப்பது 352ஆம் பிரிவின் கீழ் வரும். நிடோ தானியாவின் மரணத்துக்குப் பின் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழு, இனவசைக்கென்றே தனிப் பிரிவு வேண்டும் என்று 2014இலேயே பரிந்துரைத்தது. புதிய சட்டத்திலும் அப்படி ஒரு பிரிவு இல்லை என்பது பெரிய குறை.

புகார் கொடுக்கப் போகிறவரோடு தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். சொன்ன சொல்லைச் சொன்னபடியே, எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே எழுத வேண்டும். ‘தகாத வார்த்தையால் திட்டினார்’ என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது. இடம், நேரம், கேட்டவர் யார் யார் என்பதும் வேண்டும். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளருக்கும் சட்ட உதவி இலவசம். அதற்கு 15100 என்ற எண்ணிலும், வன்கொடுமைப் புகார்களுக்கு 14566 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பதிவேட்டைத் திருத்துதல்

இந்த வேலையைத் திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கலாம். வருகைப் பதிவேட்டை எடுத்து, எண்ணாகவோ ‘ஹிந்தி’யாகவோ ‘பெங்காலி’யாகவோ இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் உரிய ஆளை அழைத்து, ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லிப் பார்த்து, அவர் சரி என்று தலையாட்டும்வரை திருத்துங்கள். சோரேன், முர்மு, போரோ, எக்கா என்ற பின்பெயர்களை விட்டுவிடாதீர்கள். ஜ, ஹ, ஸ எழுத்துகளைத் தயங்காமல் போடுங்கள். தமிழில் அவர் சொல்கிறபடியும், பக்கத்திலேயே ஆங்கிலத்தில் ஆதாரில் உள்ளபடியும் எழுதுங்கள். பெயர் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பிற்காலத்தில் பி.எஃப். பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வந்துவிடலாம், அதைச் சரிசெய்ய அவர் ஜார்க்கண்டிலிருந்து தன்பாத் வண்டி ஏறித் திரும்பவும் இங்கேயே வர நேரிடலாம். எழுதி முடித்ததும் பக்கத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, அவர் கையாலேயே ஓரத்தில் அவர் மொழியில் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.